மீதி எண்பது சதவீதம்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: நான் வேலை பார்க்கும் வங்கி, கீழே வரும் பட்டறை, அதன் முதலாளி, அந்தத் தம்பி, யார் பெயரும் இந்தப் பதிவில் வராது. கருத்து முழுக்க என்னுடையது, வங்கியுடையது அல்ல.

மார்ச் முடிந்து ஆடிட்டர்களும் கிளம்பிப் போன பிறகுதான் ஆணி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒன்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கிளை பீன்யா பக்கம். பெங்களூரைத் தெரியாதவர்களுக்கு: நம்ம மெட்ரோவின் பச்சை லைனில் யஷ்வந்த்பூர் தாண்டினால் இரண்டு பக்கமும் ஷெட் ஷெட்டாகத் தெரியும், அந்த ஏரியா. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங், மோட்டார் கம்பெனிக்கு வாஷர் அடிப்பவர், அந்த வாஷருக்கு டை செய்பவர் என்று போய்க்கொண்டே இருக்கும். வேலை பார்க்கிறவர்கள் லக்கெரே, தாசரஹள்ளி, ஹெக்கனஹள்ளி பக்கம் ஒற்றை ரூமில் நாலு பேராக இருப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை ஆட்களும் அதில் உண்டு. கிளையில் தமிழ் பேசும் ஆபீசர் நான் ஒருவன்தான். கவுன்ட்டரில் தமிழ் காதில் விழுந்தால் போதும், என் மேஜையைக் கை காட்டிவிடுவார்கள்.

அப்படித்தான் அந்தத் தம்பியும் வந்தான். பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். "என்னப்பா, ஒழுங்காக் கையெழுத்துப் போடக் கூடாதா?" என்று நிமிர்ந்து பார்க்காமலே சீட்டை வாங்கினேன்.

"இடது கையில போட்டேன் சார்."

அப்புறம்தான் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

பென்னாகரம் பக்கத்து கிராமம். இருபத்து நாலு வயது. எங்கே வேலை என்று கேட்டேன். பட்டறையின் பெயரைச் சொன்னான். எனக்கு அதற்கப்புறம் கேள்வி எதுவும் வரவில்லை. அந்தப் பிரஸ்ஸுக்குக் கடன் எழுதியதே நான்தான்.

எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி இரண்டு கொட்டேஷன் கொண்டு வந்தார். ஒன்று புது பிரஸ், நியூமேட்டிக் கிளட்ச், முன்னால் ஒளித்திரை சென்சார். கை உள்ளே இருந்தால் மெஷின் பாதியிலேயே நின்றுவிடும். இன்னொன்று பழைய மெஷின், கீ கிளட்ச், அதன் விலையில் பாதிக்கும் கீழே. நான் பி.காம். படித்தவன். கடன் தொகை குறைந்தால் மாதத் தவணை குறையும், திருப்பிக் கட்டும் கணக்கு அழகாக வரும். "பழையதே போதும் சார், வேலை ஒண்ணுதானே" என்றார். ஆமாம் என்றேன். மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா, பாலிசியில் வங்கியின் பெயர் ஏறியிருக்கிறதா, மெஷின் மேல் எங்கள் போர்டு மாட்டியாகிவிட்டதா என்று எல்லாம் சரி பார்த்தேன். அதன் வாய்க்குள் கையை விட்டு வேலை செய்யப் போகிறவனைப் பற்றி என் படிவத்தில் கட்டமே கிடையாது.

கீ கிளட்ச் என்றால் என்ன என்பது விபத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது (வெட்கமாகத்தான் இருக்கிறது). சுற்றிக்கொண்டே இருக்கும் ஃப்ளைவீலையும், மேலும் கீழும் போகும் ராமையும் ஒரு சாவி மாதிரி ஆணி சேர்த்துக் கோக்கும். பெடலை மிதித்தால் கோத்துக்கொள்ளும். கோத்த பிறகு ராம் இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும், நடுவில் எந்தப் பிரேக்காலும் நிறுத்த முடியாது. ஆகவே அதற்கு ஒளித்திரை மாட்டியும் பிரயோஜனம் இல்லை. சாவியோ ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால், மிதிக்காமலேயே இரண்டாவது தடவையும் இறங்கும். 'டபுள் அடிச்சிருச்சு' என்பார்கள். முதல் அடி முடிந்துவிட்டது என்று பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும் நேரம் அது. தம்பிக்கு நடந்தது அதுதான். வாங்கி எட்டாவது மாதம்.

இதற்குத் தடுப்பு ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தகடு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, கை நுழையாமல் டையைச் சுற்றி ஒரு நிலையான கம்பி கார்டு. பீஸ் எடுக்க இடுக்கி அல்லது காந்தக் குச்சி. கால் தவறி மிதிபடாமல் பெடலுக்கு ஒரு மூடி. மாதத்துக்கு ஒரு நாள் மெஷினை நிறுத்திச் சாவியையும் ஸ்பிரிங்கையும் பார்ப்பது. இவ்வளவுதான். பல இடங்களில் கார்டு இருக்கும், ஆனால் கழற்றி மூலையில் சாத்தியிருப்பார்கள். கார்டு இருந்தால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு வராது. கழற்றச் சொன்னது யார் என்று விபத்துக்கு அப்புறம் கேட்டால், "பையன் கவனக்குறைவு" என்ற பதில் தயாராக இருக்கும். எட்டு மணி நேரத்தில் சில ஆயிரம் தடவை கையை உள்ளே விட்டு எடுக்கிற ஒருவன் ஒரு தடவைகூடக் கவனம் தவறக் கூடாது என்பது என்ன எதிர்பார்ப்பு? நான் நோட்டு எண்ணும்போது தவறுகிறேன். எனக்கு மெஷின் கொடுத்திருக்கிறார்கள்.

வடக்கே மனேசர், குருகிராம் பக்கம் 'சேஃப் இன் இந்தியா' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கார், பைக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்யும் சின்னப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களுக்கு உதவி செய்துகொண்டு, 2019லிருந்து அதைப் பற்றி அறிக்கையும் வெளியிடுகிறார்கள். பவர் பிரஸ்தான் முக்கிய வில்லன். அவர்கள் சொல்லும் இன்னொரு விஷயம் எனக்குப் பழகிய கதையாக இருந்தது: நிறையப் பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடைப்பதே விபத்து நடந்த பிறகுதான். நம்ம தம்பிக்கும் அப்படியே. ஏழு மாதம் வேலை செய்தவனுக்கு, விரல் போன அன்று சாயங்காலம் இ.எஸ்.ஐ. நம்பர் வந்தது!

நல்லவேளை, வேலையில் காயம் என்றால் இ.எஸ்.ஐ.யில் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் நாளே உரிமை உண்டு. ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கணக்கில் ஏறியது. அதை எடுக்கத்தான் இடது கைக் கையெழுத்தோடு வந்திருந்தான். (புது மாதிரிக் கையெழுத்து வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஐந்து நிமிஷ வேலை.)

அதற்கப்புறம் மெடிக்கல் போர்டு. சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, 1923ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து வருவது. கட்டை விரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. வலி எவ்வளவு என்பதற்கான கணக்கு இல்லை இது. சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு போனது என்ற கணக்கு. தம்பிக்கு 20. சம்பளம் 18,000. அதில் 90 சதவீதம் 16,200. அதில் 20 சதவீதம் 3,240 ரூபாய். மாதா மாதம், ஆயுசு முழுக்க வரும். நல்ல விஷயம்தான். இதற்காக முதலாளி மாதம் கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய்.

கமர்ஸ் மூளை அங்கேதான் நின்றது. 20 போய்விட்டது, அதற்கு இ.எஸ்.ஐ. பணம் தருகிறது. சரி. மீதி 80 எங்கே?

சட்டத்தின் கணக்குப்படி அவனால் இன்னும் 80 சதவீதம் சம்பாதிக்க முடியும். பட்டறை கேட்டில் அவனுடைய மதிப்பு பூஜ்யம். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்திருக்கிறார், பழம் வாங்கிக்கொடுத்திருக்கிறார், 40,000 ரூபாய் கையில் கொடுத்திருக்கிறார். "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு தம்பி" என்று சொல்லியிருக்கிறார். அந்த 'ரெஸ்ட்' எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. டூல் ரூமில் கூலிக்கு இருந்து மேலே வந்தவர். ஒரு நாள் லிமிட் புதுப்பிக்க வந்தபோது கேட்டேன். "ஏனு மாடோது சார்" என்று ஆரம்பித்தார். என்ன பண்றது. பிரஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. வேறு வேலை என்ன இருக்கிறது? தினமும் அந்தக் கையைப் பார்த்தால் மற்றப் பையன்கள் பயந்து ஓடிவிடுவார்கள். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் இவனைத்தான் முதலில் கேட்பார். கடைசியில் சொன்னார்: "எனக்கே பார்க்க முடியல சார்."

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். சில வருஷம் முன்னால் இன்னொரு கிளையில் நாணய மூட்டையைத் தூக்கும்போது எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. டிஸ்க். நாற்பது நாள் படுக்கை. தங்கமணிதான் சாக்ஸ் மாட்டிவிடுவாள் என்ற நிலைமை. பத்தாவது நாளே மேனேஜர் போன் செய்தார். "அவசரமில்லை, ஆனா வரும்போது ஸ்ட்ராங் ரூம் பக்கம் போக வேண்டாம், கடன் பிரிவில் நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்" என்றார். டாக்டரும் வெறுமனே 'ஃபிட்' என்று எழுதாமல், எடை தூக்கக் கூடாது, தொடர்ந்து அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது, ஆறு வாரம் என்று எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் நான் கடன் மேஜைக்கு வந்தேன். அந்த மேஜையில் உட்கார்ந்துதான் பிரஸ் கடனையும் எழுதினேன்.

எனக்கு இன்னும் மோசமாக ஆகியிருந்தாலும் வேலை போயிருக்காது. 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47வது பிரிவு, இப்போது 2016 சட்டத்தில் 20(4): அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்டால் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் ஒரு உபரிப் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பணியில் அடிபட்டுக் கால் எடுக்கப்பட்ட குணால் சிங் என்ற கான்ஸ்டபிளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003ல் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்தப் பாதுகாப்பு அரசு வங்கிக்காரனான எனக்கு உண்டு. எனக்குக் கடன் வட்டி கட்டும் பட்டறையில் நிற்கிறவனுக்கு இல்லை. இரண்டு பேருக்கும் இருப்பது பத்துப் பத்து விரல்தான்.

சின்னப் பட்டறையில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: அதே ரோட்டில் இன்னொரு கஸ்டமர் இருக்கிறார். அவருடைய இடது கைச் சுண்டு விரலே பாதிதான். சின்ன வயசில் போனதாம். அவரிடம் கை நசுங்கிய ஒருவர் டூல் ஸ்டோர் பார்க்கிறார். எந்த டை எந்த ரேக்கில், எது எப்போது தீட்டப் போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "புது ஆளுக்கு இதைக் கத்துக்கொடுக்க ரெண்டு வருஷம் ஆகும் சார்" என்றார். தர்மத்துக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லவே இல்லை. பிரஸ் ஷாப்பில் பீஸ் சரியா என்று கேஜ் வைத்துப் பார்க்கிற வேலை இருக்கிறது. எண்ணிக் கட்டுகிற வேலை, டெலிவரி சலான் எழுதுகிற வேலை இருக்கிறது. இவை இப்போதும் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் 1884லேயே வந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2004ல் வந்த ஒரு விதி. ஒரு தொழிலாளி பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பு சரியில்லாமல் இருந்தால், அவரைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவர என்ன செய்யலாம் என்று பேச முதலாளிதான் அழைக்க வேண்டும். தொழிலாளி வந்து கெஞ்சுவது இல்லை. முதலில் தினம் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் நாலு, அப்புறம் முழு நாள் என்று படிப்படியாகத் திரும்பும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம் இ.எஸ்.ஐ.யிலும் மறுவாழ்வுப் பயிற்சி உதவித்தொகை இருக்கிறது, ஆனால் 40 சதவீதமாவது இழந்திருக்க வேண்டும். 20 சதவீதக்காரன் அதற்கும் வெளியே.

2025 நவம்பர் 21 முதல் பழைய 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நாலு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்பதை நான் மனதார வரவேற்கிறேன். முதல் நாள் கையில் ஒரு காகிதம் இருந்தால், விபத்தன்று சாயங்காலம் நம்பர் வாங்கும் விளையாட்டு நடக்காது. ஆனால் 1948 சட்டத்தில் மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். தம்பி வேலை பார்த்த இடத்தில் 14 பேர். பத்து பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கான பொதுவான கடமைகள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் விரல் போவது பெரும்பாலும் இந்த 14 பேர் பட்டறைகளில்தான் என்னும்போது கோட்டை மேலே ஏற்றியதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'நமக்கு இதெல்லாம் எதுக்கு, நாம ஏசி ஆபீஸ்' என்று நினைக்கும் ஐ.டி. மக்களுக்கு ஒரு வரி. 2010 பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோடு, கார்ல்டன் டவர்ஸ். அதுவும் ஆபீஸ் கட்டிடம்தான். புகைக்குப் பயந்து ஜன்னல் வழியாகக் குதித்தவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். உங்கள் மாடியில் அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று நாளைக்கு ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். உங்களுக்குக் கீழே டீம் இருந்தால், ஆபரேஷன் முடிந்து வருகிறவனுக்கு முதல் வாரமே நைட் ஷிஃப்ட் போடாதீர்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முதலாளியிடம் பேசினேன், பக்கத்துப் பட்டறையின் ஸ்டோர் கதையையும் சொன்னேன். யோசித்தார். ஒரு வழியாக அவனுக்குப் போன் செய்து, கேஜ் வேலைக்கு வரச் சொன்னார். அதே சம்பளம். ஆனால் விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இவன் லக்கெரே ரூமைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விட்டான். நானும் பேசினேன்.

"அப்பவே கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன் சார். இப்ப அந்தச் சத்தத்தை நெனச்சாலே கை நடுங்குது. அம்மாவும் விட மாட்டேங்குது."

பத்தாவது நாள் எனக்கு வந்த மாதிரி ஒரு போன் அவனுக்கும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பட்டறையை, சத்தத்தை, கூட வேலை செய்தவர்களை அவன் மனதில் வேண்டாம் என்று தள்ளுவதற்கு முந்தைய சில வாரங்கள். அந்த நாட்களில் முதலாளி கொடுத்த 40,000 செய்யாததை ஒரு தகவல் செய்திருக்கும்: 'உன் இடம் இருக்கு, பிரஸ்ஸில் இல்லை, கேஜ் மேஜையில்.' இப்போது மாதம் 3,240 வருகிறது. ஊரில் மாமாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வெர்னியர் பார்க்கத் தெரியும், ட்ராயிங் படிக்கத் தெரியும். கடையில் அதற்கு வேலை இல்லை.

நானும் ஒரு சின்னக் காரியம் செய்தேன். மெஷின் கடன் ஆய்வறிக்கையில் இரண்டு வரி சேர்க்க ஆரம்பித்தேன்: மெஷினில் பாதுகாப்பு கார்டு உள்ளதா, தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. எண் உள்ளதா. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, 'இது படிவத்தில் இல்லையே?' என்று. 'கூடுதல் தகவல்' என்று பதில் போட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை, படிவத்தில் சேர்க்கவும் இல்லை :-)

போன மாதம் அதே பட்டறைக்கு ஸ்டாக் பார்க்கப் போனேன். அந்தப் பிரஸ்ஸைச் சுற்றிக் கம்பி கார்டு போட்டிருக்கிறார். மஞ்சள் பெயின்ட். பெடலுக்கும் மூடி. "போட்டோ எடுத்துக்கோங்க சார், உங்க ரிப்போர்ட்டுக்கு" என்றார். எடுத்துக்கொண்டேன். ஸ்டூலில் புதுப் பையன், ஒடிசா பக்கம். இவனுக்கு நியமனக் கடிதம் கொடுத்தாயிற்றா, இ.எஸ்.ஐ. நம்பர் வந்ததா என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் சார்" என்றார்.

அடுத்த வாரம் போகிறேன்.